மூலையில் நின்ற கருவேலம்

நாங்கள் அந்த வீட்டைப் பார்க்கப் போனது ஒரு பிப்ரவரி மதியம். நியூஜெர்சியில் எடிசனில் ஆறு வருடம் அபார்ட்மென்ட்டில் இருந்துவிட்டு, கணவரின் வேலை மாற்றத்தால் டெக்சஸின் வடமேற்கில் லப்பக் என்ற ஊருக்கு வந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. டெக்சஸ் என்றால் வெயில் என்று நினைத்து, குளிர் கோட்டுகளில் பாதியை யாருக்கோ கொடுத்துவிட்டு வந்திருந்தோம். இங்கே குளிர்காலத்தில் குழாய் உறைகிறது. மழை அதிகம் கிடையாது. பனி பெய்தாலும் காற்று அதைத் தரையில் தங்க விடுவதில்லை.

வீட்டின் பின்பக்கம் முழுக்கச் செத்துக் கிடந்தது. புல் பழைய சாக்கு நிறத்தில் இருந்தது. வீடு காட்ட வந்த ஏஜென்ட் பெண்மணி காற்றில் பறந்த முடியை ஒரு கையால் அமுக்கிக்கொண்டு, மறு கையால் மூலையைக் காட்டினாள். அங்கே இலை ஒன்றுகூட இல்லாமல் ஒரு மரம் நின்றது. இந்த இடத்திலேயே நல்ல விஷயம் இந்த மரம்தான், கோடையில் எனக்கு நன்றி சொல்வீர்கள் என்றாள். நான் அதன் அடியில் போய் நின்றேன். வெளிறிய நெற்றுகள் கிடந்தன. ஒன்றைக் குனிந்து எடுத்தேன். எடுக்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. அசல் அதே மரம் இல்லை, அதன் கூடப்பிறந்தது. இங்கே மெஸ்கீட் என்கிறார்கள். ஆனால் அந்த முள்ளை எனக்குத் தெரியும். ராமநாதபுரம் பக்கத்தில் பிறந்த யாருக்கும் தெரியும். சீமைக் கருவேலம்.

நெற்றைக் கீழே போட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டேன். என் மகள், அப்போது நாலு வயது, அதே நெற்றை எடுத்துக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தாள். உள்ளே விதைகள் சலசலத்தன. அவள் சிரித்தாள்.

"கீழ போடு" என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. கணவர் திரும்பிப் பார்த்தார்.

"என்னாச்சு?"

"ஒண்ணுமில்லங்க."

எனக்கு ஒரு தங்கை இருந்தாள். ஐந்து வயதில் காய்ச்சலில் போய்விட்டாள். என் கணவருக்கு நான் சொல்லியிருந்தது அவ்வளவுதான். கல்யாணம் பேசும்போது அவர் வீட்டுக்குச் சொன்னதும் அவ்வளவுதான்.

நடந்தது இது. எனக்குப் பதினோரு வயது. டியூஷனுக்கு நேரமாகிவிட்டது. தங்கையையும் அழைத்துப் போகச் சொல்லியிருந்தார் அம்மா. ரோடு வழியாகப் போனால் பத்து நிமிடம் அதிகம். தூர்ந்துபோன கண்மாய்க்குள் கருவேலங்காட்டின் நடுவே ஓர் ஒற்றையடிப் பாதை உண்டு. அந்தப் பக்கம் போகக்கூடாது என்பது அம்மாவின் கட்டளை. நான் போனேன். பாதி வழியில் அவள் "அக்கா" என்று நின்றாள். முள் ரப்பர் செருப்பைத் துளைத்துக் குதிகாலுக்குள் ஏறியிருந்தது. நான்தான் பிடுங்கினேன். ரத்தம் அதிகம் வரவில்லை. எச்சில் தொட்டு மண்ணைத் தேய்த்துவிட்டு, "அம்மாகிட்ட சொல்லாத, எனக்கு அடி விழும்" என்றேன். அவள் தலையாட்டினாள். நாலைந்து நாள் நுனிக்காலால் நடந்தாள். நான் பார்த்தேன், பேசாமல் இருந்தேன். ஒன்பதாவது நாளோ பத்தாவது நாளோ காலையில் அவளால் இட்லியை மெல்ல முடியவில்லை. தாடை திறக்கவில்லை. மதுரைக்குக் கொண்டு போனார்கள். ரணஜன்னி, டெட்டனஸ் என்றார்கள். போட வேண்டிய ஊசிகளில் ஒன்று தவறியிருந்ததாம். "எங்கயாவது காயம் பட்டுச்சா? முள்ளு, ஆணி எதுவும் குத்துச்சா?" என்று டாக்டர் கேட்டார். அம்மா "இல்லையே சார்" என்றார். நான் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். காயம் அதற்குள் மூடியிருந்தது.

அவள் சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டாள் என்பதுதான் இத்தனை வருடங்களாக எனக்குள் இருப்பது. அடிக்குப் பயந்த என்னைக் காப்பாற்றியிருக்கிறாள். மகள் பிறந்த பிறகு இது ஒரே ஒரு பயமாகச் சுருங்கிவிட்டது. இவளுக்கு என்ன வலித்தாலும் என்னிடம் சொல்ல வேண்டும். சொல்லாமல் இருந்துவிடக் கூடாது. குளிப்பாட்டும்போது தினமும் கால்விரல் இடுக்கு வரை பார்ப்பேன். தடுப்பூசி அட்டையின் நகல் என் பையில் ஒன்று, காரில் ஒன்று, போனில் ஒன்று.

வீட்டை வாங்கினோம். பள்ளிக்கூடம் நடக்கும் தூரம், பூஜை அறைக்குக் கிழக்குப் பார்த்த இடம். மரம் இருக்கிறது என்று ஒரு வீட்டை வேண்டாம் என்று எப்படிச் சொல்வது?

வேண்டாம் என்று சொல்வதற்குப் பதிலாகத் தோட்டத்தைத் திட்டமிட ஆரம்பித்தேன். இந்த ஊரில் நிலத்தடி நீர் இறங்கிக்கொண்டே போகிறது. வாரத்தில் குறிப்பிட்ட நாட்களில்தான் புல்லுக்குத் தண்ணீர் விடலாம். ஆகவே புல்லை எடுத்துவிட்டு, குறைந்த தண்ணீரில் வாழ்ந்து, குளிரிலும் சாகாத செடிகளை வைப்பது என்று முடிவு. நூலகத்தில் சனிக்கிழமைதோறும் அதற்கு வகுப்பு நடந்தது. வகுப்பெடுத்தவள் என்னைவிடச் சின்னவள், பூட்ஸில் எப்போதும் மண். நோட்டுப் புத்தகம், நாலு நிறப் பேனா, கட்டம் போட்ட தாள் சகிதம் முதல் வரிசையில் உட்கார்ந்தவள் நான் மட்டும்தான்.

அங்கே கற்றது எனக்குப் பிடித்திருந்தது. செடிகளை அழகைப் பார்த்துப் பிரிப்பதில்லை, தாகத்தைப் பார்த்துப் பிரிக்க வேண்டும். கொஞ்சம் தண்ணீர் கேட்பவை வீட்டை ஒட்டி. எப்போதாவது கேட்பவை நடுவில். கேட்காதவை கடைசியில். தினமும் கொஞ்சம் ஊற்றினால் வேர் மேலேயே தங்கி, முதல் வறட்சியில் செத்துவிடும். அரிதாக, ஆழமாக ஊற்ற வேண்டும். இங்கே குளிரைவிட உலர்ந்த காற்றுதான் குளிர்காலத்தில் செடியைக் கொல்கிறது, அதனால் மாதம் ஒரு முறை அப்போதும் தண்ணீர் காட்ட வேண்டும். கூரையிலிருந்து விழும் மழைநீர் வெளியே ஓடாமல், ஆழமில்லாத ஒரு வாய்க்கால் வழியாகத் தோட்டத்துக்குள்ளேயே போய் நிற்க வேண்டும். எங்கள் மனை சரிவது அந்த மூலைப் பக்கம்.

இந்த ஊரில் இருபது வருடமாக இருக்கும் தமிழ் ஆன்ட்டி ஒருவர் இரண்டு தெரு தள்ளி இருக்கிறார். டைனிங் டேபிளில் விரித்திருந்த என் வரைபடத்தைப் பார்த்துவிட்டு, "என்னம்மா, செடி வைக்கப் போறியா, பிரிட்ஜ் கட்டப் போறியா?" என்றார்.

"தப்பாயிடக் கூடாதுல்ல ஆன்ட்டி."

"இந்தக் காத்துல தப்பு சரியெல்லாம் ஒண்ணுதான். நான் மல்லி வெச்சேன், போச்சு. கறிவேப்பிலை வெச்சேன், போச்சு. இப்ப பிளாஸ்டிக் துளசி வெச்சிருக்கேன், அதுவும் வெளுத்துப் போச்சு." பிறகு மூலையில் நான் சிவப்பில் போட்டிருந்த பெருக்கல் குறியைத் தொட்டார். "இது என்ன?"

"அந்த மரத்த எடுக்கப் போறோம்."

"நிழலுக்கு ஊர்ல எல்லாரும் அலையறாங்க. நீ எடுக்கறியா?"

வகுப்பிலும் அதையே கேட்டார்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் கேட்காத, இந்த மண்ணுக்கே உரிய மரம் உனக்கு இலவசமாகக் கிடைத்திருக்கிறதே என்றாள் அந்தப் பெண். என் கணவர் மட்டும் வீட்டில் கொஞ்சம் கூடுதலாகப் பேசினார்.

"எதுக்கும்மா வெட்டணும்?"

"முள்ளுங்க. குழந்தை இருக்கா."

"முள்ளு மேல இருக்கு. அவ என்ன ஜிராஃபா?"

"எங்க ஊர்ல கோர்ட்டே வெட்டச் சொல்லிருக்கு. மெஷின் வெச்சுப் பிடுங்கறாங்க."

"அது உங்க ஊரு. இது அதோட ஊரு."

அவர் சொன்னது சரி என்று அப்போதே தெரிந்தது. இருந்தும் மார்ச் கடைசியில், அது தளிர்ப்பதற்கு முன்னால், ஆள் வரச் சொன்னேன். அவர் ஆபீஸில் இருந்த நேரம்.

வந்தவர் மரத்தைச் சுற்றி நடந்தார். தண்டைத் தட்டிப் பார்த்தார். "மேடம், இது சாகாது. வெட்டினால் அடியிலிருந்து வரும். அடிக்கட்டையில் மருந்து தடவட்டுமா?" என்று கேட்டார். என்ன மருந்து என்று போனில் தேடினேன். குழந்தை விளையாடும் மண்ணில் அந்த விஷமா? வேண்டாம் என்றேன். அப்படியானால் வேரோடு அரைத்து எடுக்கும் இயந்திரம் வேண்டும், அது இந்த வேலிக் கதவுக்குள் நுழையாது, வேலியைப் பிரிக்க வேண்டும் என்றார். வேலி பிரிந்து கிடந்தால் குழந்தை தெருவுக்கு ஓடிவிடுவாள். அதுவும் வேண்டாம் என்றேன். வெட்டினால் போதும், அது அங்கே நிற்காமல் இருந்தால் போதும். அவர் தோளைக் குலுக்கிவிட்டு ரம்பத்தை இழுத்தார். ஒரு மணி நேரத்தில் மூலை வெளிச்சமாகிவிட்டது.

வெட்ட வெட்டத் தழைக்கும் மரம் அது என்பதை எந்த டெக்சஸ்காரரும் எனக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. கரி மூட்டம் போடுபவர்கள் வெட்டிய இடத்தில் இரண்டு மடங்காக முளைத்து நின்ற காட்டைப் பார்த்து வளர்ந்தவள் நான். தெரிந்தே ஏன் செய்தேன் என்று பலமுறை யோசித்துவிட்டேன். ஒருவேளை கண்ணில் படாமல் இருந்தால் போதும் என்று நினைத்திருக்கலாம். எங்கள் வீட்டில் எதையும் அப்படித்தான் கையாண்டோம். தங்கையின் போட்டோவைக்கூட அம்மா பீரோவுக்குள்தான் வைத்திருந்தார்.

மே மாதம் அடிக்கட்டையைச் சுற்றிச் சிவப்பும் பச்சையுமாகத் தளிர்கள் வந்தன. கத்தரித்தேன். ஒன்று நாலானது. இளந்தண்டின் முள் பெரிய மரத்தின் முள்ளைவிட நீளம், அதுவும் வெளுப்பாக, எடுப்பாக நிற்கும். ஜூனில் இரண்டு நல்ல மழை பெய்தது. நான் கட்டம் போட்டுத் திட்டமிட்ட வாய்க்கால் ஒரு சொட்டு வீணாக்காமல் கூரைத் தண்ணீர் முழுவதையும் அந்த மூலைக்குக் கொண்டு சேர்த்தது. ஆகஸ்டில் அங்கே என் மகளின் உயரத்துக்கு ஒரு புதர் நின்றது. தலைக்கு மேலே இருந்த முள்ளையெல்லாம் நானே அவள் கண் மட்டத்துக்கு இறக்கி வைத்திருந்தேன்.

மற்றபடி தோட்டம் நன்றாக வந்தது. அதைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. செப்டம்பரில் வெயில் குறைந்ததும் கற்றாழை போல் நீண்ட இலையும் பவள நிறப் பூத்தண்டும் உள்ள செடிகளை நடுவில் வைத்தோம். சால்வியா என்ற பூச்செடி, குளிரைத் தாங்கும் ஒரு வகைச் சப்பாத்திக்கள்ளி, புருவம் போல வளைந்து பூக்கும் ஒரு நாட்டுப் புல். சரளைக் கல் பரப்பினோம். மகள் ஒவ்வொரு கல்லையும் தட்டிக் கொடுத்து "ஸ்டே" என்றாள்.

மூலைக்கு மட்டும் போகக் கூடாது என்று சொல்லியிருந்தேன். நான் அடிப்பவள் இல்லை, கத்துபவளும் இல்லை. என் அம்மா மாதிரி இருக்கக் கூடாது என்பதில் கவனமாக இருந்தேன். மண்டியிட்டு, அவள் கண்ணைப் பார்த்து, "நீ அங்க போனா அம்மாவுக்கு ரொம்ப ரொம்பக் கஷ்டமா இருக்கும்" என்று சொன்னேன். புத்தகங்களில் அப்படித்தான் சொல்லச் சொல்லியிருந்தது.

ஒரு வியாழக்கிழமை மாலை அவள் சமையலறையிலிருந்து ஹாலுக்கு நுனிக்காலால் நடந்து போனாள்.

என் கையில் இருந்த கரண்டியை வைத்தேன். "ஏன் அப்படி நடக்கற?"

"ஐ'ம் டூயிங் பாலே."

"குதிகாலக் கீழ வை பார்ப்போம்."

"நோ தேங்க் யூ, அம்மா."

நான் அவளைத் தூக்கிச் சோபாவில் உட்கார வைத்து சாக்ஸைக் கழற்றினேன். குதிகாலில் ஒரு சிவப்புப் புள்ளி, சுற்றிலும் வீக்கம், நடுவில் கறுப்பாக ஏதோ ஒன்று. முந்தின இரண்டு நாளும் என் வேலை இரவு வரை இழுத்துவிட்டது, கணவர்தான் குளிப்பாட்டினார், நான் பார்க்கவில்லை. பிறகு நான் என்ன செய்தேன் என்று எனக்கு ஒழுங்காக நினைவில்லை. நான் கூப்பிட்டது மகளின் பெயரே இல்லை என்று அவர் பிறகு சொன்னார்.

அர்ஜன்ட் கேர் கிளினிக்கில் நர்ஸ் இரண்டு நிமிடத்தில் முள்ளை எடுத்துவிட்டாள். அரை அங்குலம். நான் அட்டையை நீட்டினேன். ஊசிகள் எல்லாம் சரியாக இருக்கின்றன, நாலு வயது ஊசியும் போட்டாயிற்று, கவலைப்பட ஒன்றுமில்லை என்றாள். நான் மறுபடி கேட்டேன். அவள் மறுபடி சொன்னாள். மூன்றாம் முறை கேட்டபோது கணவர் என் தோளில் கை வைத்தார்.

"எப்ப குத்துச்சு?" என்று மகளிடம் கேட்டேன்.

செவ்வாய்க்கிழமை. புதருக்குள் ஒரு முயல் இருக்கிறதாம். அதற்கு கேரட் கொடுக்கப் போனாளாம், வெறுங்காலோடு.

"ஏன் அம்மாகிட்ட சொல்லல?"

அவள் எதைக் கேட்கிறாய் என்பது போல என்னைப் பார்த்தாள். "யூ செட் யூ'ல் பி வெரி வெரி ஸாட்."

பார்க்கிங்கில், அவள் பின்சீட்டில் தூங்கிப் போன பிறகு, கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கண்மாய், டியூஷன், செருப்பு, எச்சில், மண். அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்ப உனக்குப் பதினோரு வயசும்மா."

"தெரியும்."

"உங்க அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"சொல்லிடு" என்றார். "அவங்களுக்காக இல்ல. இவளுக்காக." பின்சீட்டைக் காட்டினார். "நீ சொல்லாம இருந்துட்டு இவள மட்டும் சொல்லு சொல்லுன்னா எப்படி?"

சனிக்கிழமை காலை அம்மாவை வீடியோவில் கூப்பிட்டேன். அங்கே இரவுச் சாப்பாட்டு நேரம். வழக்கம்போல அம்மாவின் நெற்றியும் அதற்கு மேல் சுற்றும் ஃபேனும்தான் தெரிந்தன. அப்பா கடைக்குப் போயிருந்தார். மகள் சோபாவில் என் பக்கத்தில், கட்டுப் போட்ட காலை மேஜை மேல் நீட்டிக்கொண்டு படம் வரைந்துகொண்டிருந்தாள்.

மனப்பாடம் செய்தது போல் ஒரே மூச்சில் சொன்னேன். அழவில்லை. சொல்லி முடித்தபோது நெற்றி திரையிலிருந்து நகர்ந்து, ஃபேன் மட்டும் இருந்தது.

"அம்மா?"

"அவ சொன்னாடி" என்றார் அம்மா.

"என்ன?"

"மறுநாளே சொன்னா. காலக் காட்டுனா. 'அக்காவ அடிக்காதீங்கம்மா'ன்னு சொல்லிட்டுத்தான் காட்டுனா." குரல் சாதாரணமாக இருந்தது, காய்கறிக் கடையில் நடந்ததைச் சொல்வது போல. "மஞ்சளும் சுண்ணாம்பும் கொழச்சு வச்சேன். முள்ளுதானன்னு நெனச்சேன். ஊசிக்குத் தேதி போட்ட அட்ட எங்கிட்டதான் இருந்துச்சு. நாத்தனா கல்யாணம் வந்துச்சு, மறந்துட்டேன். டாக்டர் கேக்கும்போது உங்கப்பா பக்கத்துல நிக்கிறாரு. எனக்கு வாய் வரல."

அவள் சொல்லியிருக்கிறாள். சொல்ல வேண்டியவரிடம் சொல்லியிருக்கிறாள். இத்தனை வருடமாக நான் சுமந்தது பாதிதான், மறு பாதியை அம்மா சுமந்திருக்கிறார், அதே வீட்டில், எனக்குத் தலை வாரிவிட்டுக்கொண்டு. எனக்கு நிம்மதி வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. அவள் நம்பிக் காட்டிய அந்தக் கால்தான் கண்ணில் நின்றது.

"உன்னைய ஒரு நாள்கூட நான் அடிக்கல பாத்தியா" என்றார் அம்மா. "அதுக்கப்புறம்."

உண்மைதான். அதற்குப் பிறகு அம்மா என்னை அடித்ததே இல்லை. நான் நல்ல பெண்ணாகிவிட்டதால் என்று நினைத்திருந்தேன்.

வெளிக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. அம்மாவின் முகம் திடீரென்று முழுதாகத் திரைக்கு வந்தது, மிக அருகில், வயதாகி. "அப்பா வந்துட்டாரு. அப்பாகிட்ட சொல்லிராத. இந்த வயசுல அவரு தாங்க மாட்டாரு. சொல்லிராத, என்ன?"

"சரிம்மா" என்றேன். பழக்கத்தில் வந்துவிட்டது.

போனை வைத்தேன். கிரேயான் சத்தம் நின்றிருந்தது. என் மகள் ஆங்கிலத்தில்தான் பதில் சொல்வாள், ஆனால் தமிழ் முழுக்கப் புரியும்.

"வாட் கான்ட் வி டெல் தாத்தா?"

கணவர் சமையலறை வாசலில் நின்றார். அவர் உதவிக்கு வரப் போவதில்லை என்று தெரிந்தது. ஒண்ணுமில்ல கண்ணு என்ற சொல் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. அதைச் சொல்லாமல் இருக்க எவ்வளவு முயற்சி தேவைப்பட்டது என்பதை இப்போதும் நினைவுபடுத்திக்கொள்ள முடிகிறது.

"உனக்கு ஒரு சித்தி இருந்தா" என்றேன். "அம்மாவோட தங்கச்சி. அவளுக்கும் கால்ல முள்ளு குத்துச்சு. யார்கிட்டயும் சொல்லாதன்னு அம்மா அவகிட்ட சொன்னேன். அது அம்மா செஞ்ச தப்பு."

அவள் யோசித்தாள். "இஸ் ஷி ஓகே?"

"இல்ல."

நீண்ட நேரம் என் முகத்தையே பார்த்தாள். நான் அழுகிறேனா என்று பார்க்கிறாள், அழுதால் இனி எதையும் கேட்க மாட்டாள் என்று புரிந்தது. ஆகவே அழாமல் உட்கார்ந்திருந்தேன். அவள் கிரேயானைக் கீழே வைத்தாள்.

"ஹவ் ஓல்ட் வாஸ் ஷி?"

"அஞ்சு."

"ஐ'ம் ஆல்மோஸ்ட் ஃபைவ்" என்றாள்.

"ஆமா" என்றேன்.

பிறகு அவள் அடுத்ததைக் கேட்டாள். அதற்கடுத்ததையும். ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னேன்.